தலைப்பில்லாத ஆறாவது நிரல்

போன மாதம் நிரோஷினி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். நான் விட்டுவந்த கதிரையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, உங்க அட்டவணையில ஆறாவது நிரல் எதுக்கு? தலைப்பும் இல்ல, உள்ளுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப கம்ப்யூட்டரே புத்தகத்தையும் திரைக்கதையையும் ஒப்பிட்டுத் தந்துடுது. அந்த நிரல்ல என்ன போடறதுன்னு அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. எடுத்துடவா?"

எடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒருவருக்குச் சின்ன வீட்டுத் திட்டம் வரைந்துகொண்டிருக்கிறேன். அதன் சமையலறைக் கதவை மூன்று முறை இடம் மாற்றிவிட்டேன். இதை எழுதி முடித்தால்தான் அந்தக் கதவு ஓரிடத்தில் நிற்கும் போலிருக்கிறது.

முப்பத்தைந்து வயதில் ஒருத்தி தன் தொழில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்தத் தொழிலிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன், திரும்பிப் போகப் போவதும் இல்லை.

நான் படித்தது கட்டட வரைபடம். இரண்டு வருடப் படிப்பில் மண்டையில் ஆழமாகப் பதிந்தது ஒரே ஒரு வழக்கம். வரைந்த படத்தில் எதையாவது மாற்றினால், மூலையில் உள்ள பட்டியலில் அதை எழுத வேண்டும். என்ன மாறியது, யார் மாற்றினார், எந்த நாளில். பட்டியலில் இல்லாத மாற்றம் ஒரு கதவின் அகலமாக இருந்தாலும் குற்றம். படிப்பு முடிந்ததும் கண்டி நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அது. இந்த நாட்டுத் தமிழ்க் கதைகளையும் நாவல்களையும் குறும்படமாகவும் தொலைக்காட்சிப் படமாகவும் எடுப்பார்கள். என்னை எடுத்தது அரங்கு வரையத்தான். முதல் வாரமே, கதையில் ஒரே வாசல் உள்ள வீட்டில் திரைக்கதைக்காரர் ஒருவனைப் பின்வாசலால் வெளியே அனுப்பியிருப்பதைக் கண்டுபிடித்தேன். இயக்குநர் ஞானசீலன் சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற என்ன மாறிக் கிடக்கு, பிள்ளை?"

அன்று பின்னேரமே ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அரங்கு வரையும் வேலை யாரோ ஒருவருக்குப் போனது. எட்டு வருடம் நான் அட்டவணைதான் போட்டேன்.

அதில் ஐந்து நிரல்கள் இருந்தன. புத்தகத்தின் பக்கம். புத்தகத்தின் வாக்கியம், மேற்கோள் குறிக்குள், ஓர் எழுத்தும் மாறாமல். காட்சி எண். காட்சியில் தெரிவது. கடைசியாக மாற்றம். அந்த ஐந்தாவது நிரலில் நான்கு சொற்களில் ஒன்றுதான் வரலாம்: உள்ளது, இல்லை, இடம் மாறியது, புதிது. திரைக்கதை திருத்தப்படும் ஒவ்வொரு தடவையும் அட்டவணையும் திருத்தப்படும். படப்பிடிப்புக்கு முன் எழுத்தாளர் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வைப்பார்.

ஞானசீலன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் பெண் எடுத்து இங்கேயே தங்கியவர். அட்டவணையைக் கையில் கொடுத்தால் உட்கார மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, பென்சிலின் மொட்டை முனையைக் கடைசி வரிசையில் வைத்து, கீழிருந்து மேலாக வாசிப்பார். ஏன் சேர் என்று ஒருமுறை கேட்டேன். களைத்த மனுசன் கடைசியிலதான் பிழை விடுவான் என்றார். பாராட்டவும் மாட்டார், ஏசவும் மாட்டார். சரியென்றால் அட்டவணை அவருடைய மேசை லாச்சிக்குள் போய்விடும். சரியில்லையென்றால் மறுநாள் காலையில் என் கதிரையில் கிடக்கும், எங்கே பிழை என்று ஒரு கோடுகூட இல்லாமல். தேடிப் பிடிப்பது என் பாடு. முதல் இரண்டு வருடமும் படியேறும்போதே என் கண் அந்தக் கதிரைக்குத்தான் போகும்.

புத்தகம் நல்லதா, படம் நல்லதா என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. கல்யாண வீடுகளில் கேட்பார்கள். பஸ்ஸில் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். புத்தகத்தில் 'ஒரு வீடு' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். படத்தில் அந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல், சுவருக்கு என்ன நிறம், வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று யாராவது ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். கமரா எங்காவது நின்றுதானே பார்க்க வேண்டும்.

எழுத்தாளர்கள் பலவிதம். மடவளையில் இரும்புக்கடை வைத்திருந்த இல்யாஸ் நானா தன் இளமைக் காலத்தை ஒரு நாவலாக எழுதியிருந்தார். பதினான்கு பாத்திரங்கள். படத்தில் ஆறு பேருக்குத்தான் இடம். அட்டவணையைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தடவி வாசித்தார். 'இல்லை' என்று போட்ட ஒரு வரிசையில் விரல் நின்றது.

"என்ன மகள் இது? என்ட உம்மாவ எங்க?"

உம்மா நாவலில் இரண்டே இடத்தில்தான் வருகிறார், ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று விளக்கினேன்.

"பேசாட்டி என்ன? அவ இல்லாத வீட்டுல நான் எப்பிடிப் பொறக்குற? மச்சான வெட்டுங்க. அவன் உசிரோட இருந்த காலத்துலயும் ஒரு வேலைக்கும் ஒதவல்ல."

மச்சானை வெட்டினோம், உம்மா திரும்பி வந்தார். படத்தில் அவர் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார், மூன்று இடத்தில். படம் பார்த்தவர்கள் அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள். அட்டவணை என்றால் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காணாமல் போவதை எழுதிவிட்டால், உரியவர் வந்து கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஆறாம் வருடம் செல்வராணி டீச்சரின் கதை வந்தது.

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவர். சிறு சஞ்சிகையில் வெளிவந்த கதை, ஏழு பக்கம். லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில், இரண்டு சிறுமிகள், அக்காவும் தங்கையும். அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருக்கிறாள். மூன்று வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடாமல் சிறுமிகளோடு விட்டுப் போயிருக்கிறாள். தம்பிக்கு உடம்பு துடைக்க அவர்கள் வெந்நீர் வைக்கிறார்கள். குண்டானை இறக்க அடுப்படிக்குப் போகிறார்கள். அதோடு அந்தப் பத்தி முடிகிறது. அடுத்த பத்தியில் அம்மா முதுகில் கூடையோடு குறுக்குப் பாதையில் ஓடி வருகிறாள். தம்பியின் கை வெந்துபோயிருக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொள்கிறான். அம்மா இரண்டு பெண்களையும் ஒன்றும் கேட்பதில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

அது டீச்சரின் சொந்தக் கதை என்று எங்களுக்குத் தெரியும். அவர்தான் தங்கை. அக்கா புஷ்பம். தம்பி குமார் இப்போது கலஹாவில் ஆட்டோ ஓட்டுகிறார். கையெழுத்து வாங்கப் போன நாட்களில் என்னை மேலே ஏற்றிப் போனவரும் அவர்தான். வளைவுகளில் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே, "பயப்படாதீங்க மிஸ், இதுதான் வேகாத கை" என்பார்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படம் முடிந்ததும் எழுத்தாளரைத் துணிக்கடை மேல்மாடிக் கந்தோருக்கு வரச் சொல்ல மாட்டோம். அவருடைய வீட்டுக்கு நாமே போய், அவர் யாரோடு பார்க்க விரும்புகிறாரோ அவர்களோடு உட்காரவைத்து, முதல் தடவை அங்கேதான் போட்டுக்காட்டுவோம். ஞானசீலன் சேர் எல்லாப் படத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியிருந்தார். அன்று அவருக்குக் காய்ச்சல். மடிக்கணினியோடு நான் தனியாகப் போனேன்.

ஞாயிறு மத்தியானம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லயத்து வீடுகள். ஒன்றில் செல்வராணி டீச்சரும் அம்மாவும், மற்றதில் புஷ்பம் அக்காவின் குடும்பம். நடுச்சுவரை உடைத்து ஒரு கதவு போட்டிருந்தார்கள். வரைபடக்காரிக்கு முதலில் கண்ணில் படுவது கதவுதான். அது எப்போதும் திறந்தே இருக்கும் என்பது, நிலையடியில் இரு வீட்டு நடையும் தேய்த்திருந்த சீமெந்தில் தெரிந்தது. அம்மா முன்னால் கதிரையில் உட்கார்ந்தார். குமார் தரையில். புஷ்பம் அக்கா அந்தக் கதவு நிலையில் சாய்ந்து நின்றார், அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்லி உட்கார மறுத்துவிட்டார்.

படம் இருபத்திரண்டு நிமிடம். பதினோராவது நிமிடத்தில் சிறுமிகள் அடுப்படிக்குப் போகிறார்கள். இருவரும் கரித்துணியால் குண்டானை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிறார்கள். கமரா கைகளுக்குக் கிட்டப் போகிறது. மூத்தவளின் கையிலிருந்து துணி நழுவுகிறது. நான்கு வினாடி. தண்ணீர் சாய்கிறது.

அம்மாவின் பின்னந்தலை அப்படியே இருந்தது. தம்பியாக நடித்த பிள்ளைக்குக் கட்டுப்போடும் காட்சி வந்ததும் குமார் தன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். "நமக்குத் தழும்பு இடது கையில. இவங்க வலது கையில கட்டுப் போட்டிருக்காங்க. இந்தப் பய எப்பிடி ஆட்டோ ஓட்டப்போறானோ."

படம் முடிந்ததும் அம்மா எழுந்து, நல்லாத்தான் எடுத்திருக்கீங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். புஷ்பம் அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தங்கையைத்தான் பார்த்தார்.

"நீ எழுதினதா இது?"

"இல்லக்கா. நான் அந்த எடத்த எழுதவே இல்ல."

"அப்ப இவங்களுக்கு யாரு சொன்னா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். என் பையில் சஞ்சிகையும் அட்டவணையும் இருந்தன. சஞ்சிகையை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினேன். அடுப்படிக்குப் போகிறார்கள். பத்தி முடிகிறது. அம்மா ஓடி வருகிறாள். இரண்டு பத்திகளுக்கும் நடுவே ஒரு வரி வெள்ளை இடம், அவ்வளவுதான். அட்டவணையில் அந்த வரிசையைப் பார்த்தேன். 'குண்டானை இறக்கும்போது மூத்தவள் கைதவற, வெந்நீர் தம்பி மேல் சாய்கிறது.' காட்சி பதினான்கு. மாற்றம்: உள்ளது. அதற்குக் கீழே டீச்சரின் கையெழுத்து, 'உள்ளது' என்ற சொல்லை நம்பி வாசிக்காமல் வைத்தது.

கந்தோரில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த அட்டவணையைவிட இந்தப் பதில்தான்.

மறுநாள் எல்லாத் திருத்தங்களையும் பின்னோக்கித் தேடினேன். மூன்றாம் திருத்தத்தை இரண்டாம் திருத்தத்தோடு ஒப்பிட்டிருந்தேன். இரண்டாவதை முதலாவதோடு. முதல் அட்டவணையை மட்டும்தான் புத்தகத்தோடு ஒப்பிட்டிருந்தேன். அதில் அறுபத்திரண்டு வரிசைகள், என் கையெழுத்தில். அறுபத்தொன்றில் புத்தக வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருந்தது. ஒன்றில் மட்டும் குறி இல்லை. அங்கே எழுத வாக்கியம் இல்லாததால் நானே ஒன்றை எழுதி நிரப்பியிருக்கிறேன். அடுத்த திருத்தத்தில் திரைக்கதைக்காரர் என் அட்டவணையைப் பார்த்து அந்தக் காட்சியை எழுதினார். அந்தக் காட்சியைப் பார்த்து நான் 'உள்ளது' என்று எழுதினேன். ஏழு பக்கக் கதையைப் பதினைந்து தடவையாவது வாசித்திருப்பேன். பதினைந்து தடவையும் அந்த வெள்ளை இடத்தில் ஒரு கை நழுவுவதை வாசித்ததாகவே என் நினைவு.

ஞானசீலன் சேரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. படத்தொகுப்பாளரைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு வினாடியை வெட்டவைத்தார். சிறுமிகள் அடுப்படிக்குள் நுழைகிறார்கள், அடுத்து அம்மா மலைச்சரிவில் ஓடி வருகிறாள். ஒலிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையின் அழுகையையும் எடுத்தார். போட்டுப் பார்த்தோம். முதலே இப்பிடி வெட்டியிருக்க வேணும் என்றார் சேர். உண்மைதான், படம் அப்போதுதான் படமானது. அதைக் கேட்டு எனக்கு ஏன் அத்தனை எரிச்சல் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு டீச்சர் தொலைபேசியில் பேசினார். வெட்டியதற்கு நன்றி சொன்னார்.

"அம்மா இன்னைக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேருகிட்டயும் கேட்டதில்ல மிஸ். நாங்களும் பேசிக்கிட்டதில்ல. அதனாலதான் கதையிலயும் தாண்டிப் போனேன். இப்ப நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு அக்கா நினைக்குது. நடுக்கதவ சாத்திடுச்சு. அந்தப் பக்கத்துல இருந்து கொண்டி போட்டிருக்கு."

படத்தை வெட்டியாயிற்று. ஆனால் தங்கை சொல்லவில்லை என்பதற்கு அக்காவிடம் காட்ட ஒன்று வேண்டும். அது ஒரே ஒரு தாள்தான்: மேற்கோள் குறி இல்லாத என் முதல் அட்டவணை. அது சேருடைய லாச்சியில் இருந்தது.

கேட்டேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, அது கந்தோர்ப் பேப்பர். நாங்கள் பிழை விட்டனாங்கள் எண்டு எழுத்தில கொண்டுபோய்க் குடுக்கேலாது. நாளைக்கு வேற எழுத்தாளர் எங்களிட்டக் கதை தருவினமோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அட்டவணையை நம்பித்தான் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் காலை படியேறும்போது பழைய வழக்கத்தில் கண் கதிரைக்குப் போனது. அட்டவணை அதில் கிடந்தது. வழமைபோல ஒரு கோடும் இல்லை. சேரின் அறைக் கதவு மூடியிருந்தது. நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அதை எடுத்துக்கொண்டு கலஹா பஸ்ஸுக்கு நடந்தேன்.

குமார் அன்று பகிடி விடவில்லை. மேலே போய்ச் சேரும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கதவு தொறக்குமா மிஸ்?"

புஷ்பம் அக்கா முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாங்க என்றார், முகத்தில் ஒன்றும் இல்லாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளை விரித்தேன். எட்டாம் வகுப்புவரை படித்தவர் அவர். மெதுவாக, எல்லா வரிசையையும் வாசித்தார். முதலிலிருந்து கடைசிவரை, மேலிருந்து கீழாக. நான் விரலால் காட்டினேன்.

"இதுல எல்லாத்துக்கும் குறி இருக்கு பாருங்க அக்கா. அது டீச்சர் எழுதினது. இது ஒண்ணுக்கு மட்டும் குறி இல்ல. டீச்சர் சொல்லல. யாரும் சொல்லல. நானா எழுதினது."

"மூத்தவள்னு ஏன் எழுதினீங்க?"

கேள்வியை எதிர்பார்க்காமல் போனது என் தப்பு. சஞ்சிகையில் அதற்குப் பதில் இல்லை. அட்டவணையிலும் இல்லை.

"எங்க வீட்டுல நான் மூத்தவ" என்றேன். "பாரமானத நான்தான் தூக்குவேன்."

அவர் என்னை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். பிறகு கீரைத் தட்டை ஒதுக்கிவைத்து எழுந்து உள்ளே போனார். கொண்டி இழுபடும் சத்தம் கேட்டது.

"செல்வி, தேத்தண்ணி ஊத்து. கண்டி மிஸ் வந்திருக்காங்க."

அந்தப் பக்கமிருந்து கேத்தலில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. வெளியே குமார் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார், சுத்தமாக இருந்த கண்ணாடியை.

தேநீர் குடித்தோம். தாளை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். எங்க வீட்டுல இது வேணாம் மிஸ் என்று நான்காக மடித்துத் திருப்பித் தந்தார். படத்தில் அந்த இடத்தை எடுத்துவிட்டோம், இனி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். அதைக் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆட்டோவரை கூடவே நடந்து வந்தவர், நான் ஏறி உட்கார்ந்த பிறகு குனிந்து, தம்பிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"யாரு கை விட்டுச்சுன்னு எனக்கு ஞாபகமே இருந்ததில்ல மிஸ். எத்தனை தடவ நினைச்சுப் பாத்தாலும் வராது. செல்விக்கும் வராதுன்னு நினைக்கிறேன். இப்ப கண்ண மூடினா படத்துல நடிச்ச அந்தப் பிள்ளையோட கைதான் வருது. துணி நழுவுறது நல்லாத் தெரியுது."

குமார் வண்டியைக் கிளப்பினார். புஷ்பம் அக்கா கையசைத்தார்.

அதன் பிறகு இரண்டு வருடம் அதே கந்தோரில் இருந்தேன். புதிதாக வந்தவர்களிடம் ஒரு விதிதான் சொன்னேன். எத்தனையாவது திருத்தமானாலும் புத்தகத்தைத் திறந்துவைத்து ஒப்பிட வேண்டும், முந்தைய அட்டவணையை அல்ல. வீட்டில் சும்மா ஒரு கதை வாசிக்க உட்கார்ந்தாலும் பத்திகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடங்களில் விரலை வைத்து நின்றுவிடுவேன். வாசிப்பு நகராது. திரும்பவும் கதவும் ஜன்னலும் வரையப் போனேன்.

நிரோஷினி, அந்த இரண்டு வருடமும் நான் போட்ட எல்லா அட்டவணையிலும் வெறுமையாக விட்ட, நீ கேட்ட அந்த நிரலை முதலில் போட்டது கந்தோரில் வைத்து அல்ல. அன்று, மலையிறங்கும் ஆட்டோவில், மடித்த தாளை மடியில் விரித்து, குறி இல்லாத அந்த வரிசைக்கு நேரே, ஐந்தாவது நிரலுக்கு அப்பால் ஒரு கோடு கிழித்தேன். வளைவில் கை ஆடி கோடு கோணிப்போனது. வெட்டிய நான்கு வினாடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தை அதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். உள்ளது என்று எழுதலாமா, இல்லை என்றா, இடம் மாறியது என்றா? பென்சிலைப் பிடித்தபடியே கலஹா பஸ் நிலையம்வரை வந்துவிட்டேன்.

"எறங்குங்க மிஸ், கண்டி பஸ் நிக்குது" என்றார் குமார்.